சொர்ணத்தின் இடது கால்

பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் சொர்ணம் வாய் திறந்தால், வாசலில் தேங்காய் வாங்குகிறவர் திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு தொண்டை. வயது ஐம்பத்தொன்று. வைத்திக்குப்பத்தில் பிறந்து வைத்திக்குப்பத்திலேயே வாக்கப்பட்டவள். முப்பது வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறாள். சங்கரா வாங்க வந்தவரிடம் செவுளைத் தானே திறந்து காட்டுவாள். நேற்றைய மீன் என்றால் நேற்றைய மீன் என்று சொல்லிவிடுவாள். வாங்குகிறவர்கள் இதற்காகவே அவளைத் தேடி வருவார்கள். பக்கத்தில் விற்கிறவர்கள் இதற்காகவே அவளைத் திட்டுவார்கள்.

அவளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ள இன்னொரு வழி உண்டு. மற்ற பெண்கள் எல்லாரும் அருவாமணைப் பலகையை வலது காலால் அழுத்திக்கொண்டு மீன் வெட்டுவார்கள். சொர்ணம் மட்டும் வலது காலை முன்னால் நீட்டிவிட்டு, இடது காலால் பலகையை அழுத்துவாள். பல வருஷங்களுக்கு முன் ஐஸ் கரைந்த தரையில் வழுக்கி விழுந்ததில் வலது முட்டி போய்விட்டது, மடக்க முடியாது. அதை மார்க்கெட்டில் யாரிடமும் அவள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. வீம்புக்காரி, வலி என்று சொன்னால் யாராவது பாவம் பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடை போடுவதில்லை. புதுச்சேரியில் மீன் விற்கிறவள் ஞாயிற்றுக்கிழமை கடை போடாமல் இருப்பதென்றால், தீபாவளிக்கு ஜவுளிக்கடையைப் பூட்டிவைப்பதற்குச் சமம். அவள் புருஷன் சுப்ரமணிக்கு இதில் இன்றுவரை ஆறாத வருத்தம்.

"வாரத்துல ஆறு நாளு சும்மா கெடக்குற சாமி, ஞாயித்துக்கெழமையா பார்த்துத்தான் உன்னைக் கூப்புடுதா?" என்பான்.

"ஆறு நாளும் கூப்புடுறாரு. எனக்குத்தான் நேரமில்ல" என்பாள் இவள்.

சுப்ரமணி கோயிலுக்குப் போகிறவன். ஆடி மாதம் அவன் ஊற்றும் கூழைக் காய்ச்சிக் கொடுப்பது சொர்ணம்தான். அவள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது பர்ஸைத் தேடி எடுத்துக் கொடுப்பது சுப்ரமணிதான். இருவரும் வாயால் சண்டை போட்டுக்கொண்டே கையால் உதவிக்கொள்கிற ஜாதி. முதலியார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் கூடும் சிறிய கிறிஸ்தவ சபை அவளுடையது. அறுபது பேர் உட்கார்ந்தால் அறுபத்தோராவது ஆள் படிக்கட்டில் நிற்க வேண்டும்.

அந்தச் சபைக்கு அவள் போனது அன்னக்கிளியால்.

அன்னக்கிளி லாஸ்பேட்டை அரசாங்கக் குடியிருப்பில் இருப்பவள், சொர்ணத்தைவிட நாலு வயது மூத்தவள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் வெறும் வாடிக்கைக்காரி. ஸ்கூட்டியில் வந்து இறங்கி, நெத்திலியை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, விலையில் பாதி கேட்டு, சொர்ணத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போவாள். ஒருமுறை கரையில் படகைத் தள்ளும்போது அது சாய்ந்து சுப்ரமணியின் இடுப்பு முறிந்தது. சொர்ணம் நாலைந்து நாளாகக் கடைக்கு வரவில்லை என்றதும் அன்னக்கிளி விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு தூக்குவாளி, அதில் கஞ்சி, மேலே ஒரு சின்னக் கிண்ணத்தில் துவையல்.

நாற்பது நாள் வந்தாள். ஒரு நாள்கூடப் பிரசங்கம் பண்ணவில்லை. கஞ்சியை ஊற்றிக் கொடுப்பாள், பாத்திரத்தைக் கழுவுவாள், போகும்போது சுப்ரமணியின் தலைமாட்டில் நின்று கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாள். முப்பதாவது நாளோ என்னவோ, சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை.

"யாருகிட்டக்கா பேசுற?"

"எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு."

"எனக்கும் சொல்லு, நானும் கேக்குறேன்."

அவ்வளவுதான் ஆரம்பம். பிறகு சொர்ணத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது அன்னக்கிளி. கடலில் ஞானஸ்நானம் எடுத்த அன்று ஈரப் புடவையோடு நடுங்கினவளைத் துண்டால் போர்த்தியது அன்னக்கிளி. ஒன்பது வருஷம் இருவரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் கெட்டது.

சொர்ணத்தின் மகன் அஜித்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குடிக்க ஆரம்பித்திருந்தான். சுப்ரமணிக்குக்கூடச் சொல்லாமல் அதை அன்னக்கிளியிடம் மட்டும் சொல்லி அழுதாள் சொர்ணம். அந்த வாரம் பெண்கள் கூடும் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அன்னக்கிளி எழுந்து, கண்ணீரோடு, "நம்ம சொர்ணத்தோட மகன் அஜித்துக்காக ஜெபிக்கணும், புள்ள குடிக்குப் பழகிட்டான்" என்று ஜெபக் குறிப்பு வைத்தாள். இருபது பெண்கள் உருகி ஜெபித்தார்கள். உருகிய இருபது பேருக்கும் வீடு இருந்தது, வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி வைத்திக்குப்பம் கரைக்கு வந்து, அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த அஜித்தின் காதில் அவன் கூட்டாளிகள் வாயாலேயே விழுந்தது. மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனவன் இரண்டு வருஷம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அன்னக்கிளி நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். அதுதான் பெரிய கொடுமை. கெட்டது செய்தவளிடம் சண்டையாவது போடலாம், ஜெபம் செய்தவளிடம் போய் என்ன சண்டை போடுவது? சொர்ணம் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய தொண்டைக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று மார்க்கெட்டைக் கேட்டால் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் பாயை எடுத்துக்கொண்டு ஹாலின் மறுகோடிக்குப் போனாள். அங்கேயே ஏழு வருஷம் உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் நினைவாக ரொட்டியும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்வது. பாஸ்டர் விஜயராகவன் ரொட்டியைப் பிட்டு ஜெபித்துக் கொடுக்க, பெண்கள் பக்கம் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வருவது அன்னக்கிளி. அவள் கையிலிருந்து எப்படி வாங்குவது? அதற்கும் சொர்ணம் ஒரு வழி கண்டுபிடித்தாள். சரியாக அந்த நேரத்துக்கு எழுந்து பின்கட்டுக்குப் போய், ஆராதனை முடிந்து எல்லாருக்கும் கொடுக்கிற டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். பாஸ்டரின் மனைவி அவள் பங்கு ரொட்டியையும் திராட்சை ரசத்தையும் பின்கட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பாள். "சொர்ணம் மாதிரி ஊழியம் செய்ய ஆள் வேணும்" என்று சபையே மெச்சியது. ஏழு வருஷக் கோபத்துக்கு இப்படி ஒரு நல்ல பெயர் வேறு.

அன்னக்கிளியிடமும் ஒரு மாற்றம் வந்திருந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அவள் யார் பெயரையும் சொல்வதை விட்டுவிட்டாள். "ஒரு சகோதரிக்காக, அவங்க வீட்டுக் காரியத்துக்காக" என்பாள். எந்தச் சகோதரி, என்ன காரியம் என்று கேட்டால், "ஆண்டவருக்குத் தெரியும்" என்று உட்கார்ந்துவிடுவாள். பெண்கள் அதை வைத்துக் கேலி செய்வார்கள். சொர்ணம் மட்டும் சிரிக்க மாட்டாள், காதில் விழாத மாதிரி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள்.

துர்கா வந்தது போன வருஷம் நவம்பரில்.

பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும். குத்தகை நிலத்தில் தண்ணீர் நின்று பயிர் போனதும், டவுனில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று பஸ் ஏறினவள், மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு வந்து நின்றாள். களை எடுக்கத் தெரியும், நாற்று நடத் தெரியும், வஞ்சிரத்துக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் நாளே கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிக்கொண்டது. சொர்ணம் தன் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்காரவைத்தாள்.

"நான் செய்றத பாரு. கேக்காத, பாரு" என்றாள். வாய் ஓயாமல் விலை கூவிக்கொண்டிருப்பவளுக்கு விளக்கம் சொல்ல ஏது நேரம்.

துர்கா பார்த்தாள். அவளைப் போல் பார்க்கிறவளை நீங்கள் பார்த்திருக்க முடியாது. சொர்ணம் எந்தப் பக்கமிருந்து செதில் எடுக்கிறாளோ அந்தப் பக்கம், எத்தனை விரல் விட்டுத் துண்டு போடுகிறாளோ அத்தனை விரல். சொர்ணம் காலையில் கூடையை இறக்கியதும் ஒரு நிமிஷம் அதன் மேல் கையை வைத்துக் கண்ணை மூடுவாள். மூன்றாம் நாளிலிருந்து துர்காவும் தன் அருவாமணை மேல் கையை வைத்துக் கண்ணை மூடினாள். யாரிடம் பேசுகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. வலது காலை நீட்டி, இடது காலால் பலகையை அழுத்தியும் உட்கார்ந்தாள்.

மீன் பகுதியே சிரித்தது. "சொர்ணத்துக்கு ஜெராக்ஸ் வந்துட்டா" என்றார்கள். சொர்ணத்துக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. தன்னைப் பார்த்து ஒருத்தி இப்படிச் செய்கிறாளே என்று பூரித்துப்போய், முட்டி விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு நாள் துர்கா, சொர்ணத்தைப் போலவே நியாயமாக நடக்க ஆசைப்பட்டு, எதிர் வரிசைக்காரியின் மீனை வாங்க வந்தவரிடம், "இது நேத்து மீனுங்க" என்று தானாகவே எடுத்துச் சொல்லிவிட்டாள். அன்று நடந்த கலவரத்தில் இரண்டு கூடை கவிழ்ந்தது. "நம்ம மீனைப் பத்தித்தாண்டி நாம சொல்லணும்!" என்று சொர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜனவரி முதல் ஞாயிறு பாஸ்டர் ஒரு பிரசங்கம் செய்தார். முன்பு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவர், எதையும் நேராகச் சொல்வார். இயேசு கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வேலை கட்டடம் கட்டுவதில்லை, கூட்டம் சேர்ப்பதில்லை, சீஷர்களை உண்டாக்குவது என்றார். "சீஷன்னா பாடம் படிச்சவன் இல்லீங்க. பின்னால வர்றவன். நீங்க எப்படி நடக்குறீங்களோ, அவன் அப்படித்தான் நடப்பான். இந்த வருஷம் ஆளுக்கு ஒருத்தர் கூட நடங்க." கடைசியில் பன்னிரண்டு பாடம் கொண்ட ஒரு நோட்டையும் எல்லாருக்கும் கொடுத்தார்.

சொர்ணத்தின் மனதில் நின்றது "ஆளுக்கு ஒருத்தர்" என்பது மட்டும். அந்த ஒருத்தர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சபைக்கு வருகிறாயா என்று துர்காவிடம் கேட்டபோது, "நீ வந்தா நானும் வரேங்கா" என்றாள். ராமலிங்கத்திடம், அதுதான் அவள் புருஷன், கேட்டுக்கொண்டு வந்தாள். அவர், "மீன்காரம்மா கூடத்தானே, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டாராம்.

நோட்டுப் பாடம் நாலாவதைத் தாண்டவில்லை. மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் சொர்ணம் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், இரண்டாவது வரியிலேயே துர்காவுக்குக் கண் சொருகிவிடும். விடியற்காலை முதல் பஸ்ஸில் வருகிறவளை என்ன சொல்ல முடியும்? 'நமக்கு இந்த ஊழியம் வராது' என்று சொர்ணம் மனம் விட்டுப்போனாள்.

ஏப்ரலில் துர்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பாகூரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ள ஆளில்லை. ராமலிங்கம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வர முடிந்தது. சொர்ணம் யோசிக்கவே இல்லை. விடியும் முன் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றி, மேலே சின்னக் கிண்ணத்தில் துவையல் வைத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு மார்க்கெட் போனாள். பதினோரு நாள். பாத்திரத்தைக் கழுவினாள், தலைமாட்டில் நின்று முணுமுணுத்தாள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக் குழாயடியில் அந்தக் கிண்ணத்தைக் கழுவும்போது திடீரென்று கை நின்றது. 'இது நான் செய்யற மாதிரி இல்லியே, அவ செஞ்ச மாதிரியில்ல இருக்கு' என்று தோன்றியது. அன்னக்கிளி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து, ஒருமுறை உதறி, முந்தானையால் துடைப்பாள். சொர்ணம் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். எரிச்சலாக வந்தது. கிண்ணத்தைத் துடைக்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

துர்கா குணமாகி வந்ததும் ஞானஸ்நானம் கேட்டாள். பாஸ்டர் அவளை உட்காரவைத்து விசாரித்தார். "பன்னண்டு பாடமும் தெரியாதுங்க ஐயா. சொர்ணக்கா எங்க போவுதோ அங்க போவணும். அது யாருகிட்ட கண்ண மூடிப் பேசுதோ, அவருகிட்ட நானும் பேசுறேன். ஆஸ்பத்திரில அவரு என் பக்கத்துல இருந்தாரு, எனக்குத் தெரியும்" என்றாள். பாஸ்டர் காலண்டரை எடுத்தார். செப்டம்பர் முதல் ஞாயிறு என்று நாள் குறித்துவிட்டார்.

அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடலில் துர்கா முங்கி எழுந்தாள். கரையில் சுப்ரமணிகூட வந்து நின்றான், அலை பெரிதாக இருக்கிறது, பாஸ்டருக்குக் கடல் தெரியாது, ஏதாவது ஆனால் தூக்க ஆள் வேண்டும் என்பது அவன் சொன்ன காரணம். ஈரப் புடவையோடு வந்தவளைச் சொர்ணம் துண்டால் போர்த்தினாள். அவளுக்கே அழுகை வந்தது. துர்கா இனி திருவிருந்தில் சேரலாம், இன்றைக்கே அவளுக்கு முதல் பந்தி.

ஒன்பது மணிக்கு மாடி ஹாலில் ஆராதனை. பாட்டு, பிரசங்கம் எல்லாம் முடிந்தது. பாஸ்டர் பேக்கரியிலிருந்து வந்த நீள ரொட்டியை எடுத்துப் பிட்டார். சொர்ணம் வழக்கம் போல எழுந்து பின்கட்டுக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து, பாலை ஏற்றினாள். திரும்பினால் வாசலில் துர்கா நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க எதுக்குடி வந்த? போ, போய் உக்காரு. இன்னிக்கு உனக்கு மொதப் பந்தி!"

"நீ வந்தியேக்கா."

"நான் டீ வைக்க வந்தேன்."

"தெரியும்கா." துர்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னக்கிளியம்மா தட்டு வந்தா நாம உள்ள இருக்கக் கூடாதுல்ல. நானும் பார்த்துட்டேதான இருக்கேன். போன வாரம் அது எனக்கு முங்கி எழுந்ததும் கட்டிக்கச் சொல்லி ஒரு வெள்ளைப் புடவை கொண்டாந்துது. நமக்கு உங்ககிட்ட வாங்குற வழக்கம் இல்லம்மான்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டேன். வணக்கம் சொன்னாக்கூட மூஞ்சத் திருப்பிக்கிறேன். மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துது. இப்பப் பழகிடுச்சு."

சொர்ணம் அவள் முகத்தைப் பார்த்தாள். கபடம் துளியும் இல்லாத முகம். கீரைக்கட்டைக் கழுவி வைத்தது போல், சொன்ன வேலையைச் சரியாகச் செய்துவிட்ட திருப்தி அதில் இருந்தது. பன்னிரண்டு பாடத்தில் எட்டு பாக்கி இருக்க, சொர்ணம் நோட்டே இல்லாமல் நடத்திய ஒரு பாடத்தை மட்டும் இவள் முழுசாகப் படித்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்வது எப்படி என்று ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது, அதுவும் தூக்குவாளி கொண்டுவந்த கைக்கு எதிராக. இன்றைக்கு இதைத் திருத்தாவிட்டால் துர்கா காலத்துக்கும் இப்படித்தான் இருப்பாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி வருவாள், அவளும் இப்படித்தான் இருப்பாள்.

உள்ளே தட்டு பெண்கள் வரிசையில் புறப்பட்டிருந்தது. திராட்சை ரசம் ஊற்றிய சின்னக் கண்ணாடிச் சிமிழ்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. சொர்ணம் அடுப்பை அணைத்தாள். துர்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, விந்தி விந்தி ஹாலுக்குள் போனாள்.

அன்னக்கிளி மூன்றாவது வரிசையில் குனிந்து நின்றிருந்தாள். நிமிர்ந்தவள் எதிரே சொர்ணத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

சொர்ணம் குசுகுசுவென்று பேசத்தான் நினைத்தாள். முப்பது வருஷம் மீன் கூவிய தொண்டைக்குக் குசுகுசுப்பு ஏது.

"அக்கா, நீ அஜித் பேரை எல்லார் முன்னாலயும் சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுதுக்கா. உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

ஹால் முழுக்கக் கேட்டது. கீபோர்டு வாசிக்கிறவர் கையை எடுத்துவிட்டார். பாஸ்டர் ரொட்டியும் கையுமாக நின்றார், ஆனால் குறுக்கே வரவில்லை.

"ஏழு வருஷமா அத சொல்லாம மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருந்தேன், அது என் தப்பு. டீ வைக்கிறேன், டீ வைக்கிறேன்னு எல்லாரையும் ஏமாத்துனேன். இப்ப இவளையும் கெடுத்து வெச்சிருக்கேன். என்னை மன்னிச்சுடுக்கா."

அன்னக்கிளி தட்டைப் பக்கவாட்டில் நீட்டினாள். பக்கத்திலிருந்த பெண் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள ஊரை விட்டுப் போனான்னு கேள்விப்பட்ட அன்னிக்கே என் தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுடி" என்றாள் அன்னக்கிளி. "உன் வூட்டு வாசல் வரைக்கும் மூணு தடவ வந்தேன். வண்டிய நிறுத்தாமலே திரும்பிட்டேன். என்னன்னு சொல்லி மொகத்துல முழிக்கிறது? ஜெபம் பண்ணேன்னா? அன்னிலேர்ந்து யாரு பேரையும் வாயால சொன்னதில்ல. நீதான் என்னை மன்னிக்கணும்."

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம 'ஒரு சகோதரி'ன்னு சொல்லுவியே..."

"வேற யாரு? நீதான். அஜித்தும்தான்."

முந்நூறு வெள்ளிக்கிழமைக்கு மேல் இருக்கும். அத்தனையிலும் தன்னையும் தன் பிள்ளையையும் பெயர் சொல்லாமல் ஒருத்தி தூக்கிச் சுமந்திருக்கிறாள், தான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். சொர்ணத்தின் வாயிலிருந்து சத்தம் வராததைச் சபை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது. அஜித் இப்போது காசிமேட்டில் படகில் போகிறான், பொங்கலுக்குப் பெண்டாட்டியோடு வருகிறான். குடிப்பதில்லை என்கிறான். சுப்ரமணி அதை நம்புவதில்லை, சொர்ணம் நம்புகிறாள். இனிமேல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்னக்கிளி தட்டை வாங்கி முதலில் துர்காவிடம் நீட்டினாள். துர்கா எடுக்கவில்லை. திரும்பிச் சொர்ணத்தைப் பார்த்தாள். சொர்ணம் கையை நீட்டி ஒரு துண்டு எடுத்தாள், சிமிழை எடுத்தாள். அதைப் பார்த்த பிறகு துர்காவும் எடுத்தாள், அதே கையால், அதே இரண்டு விரலால். ரொட்டியின் மேல்தோல் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. மூன்று பேரும் அழுதுகொண்டே மென்றார்கள்.

அன்று சபையில் டீ இல்லை. ஏழு வருஷத்தில் முதல்முறை. யாரும் கேட்கவும் இல்லை. வெயிலில் படிக்கட்டு இறங்கும்போது பாஸ்டர் மட்டும், "நோட்டு எதுவரைக்கும் வந்திருக்கு சொர்ணம்மா?" என்று விசாரித்தார்.

"நாலோட நிக்குது பாஸ்டர்."

"மிச்சத்த அவங்ககிட்ட கேளுங்க" என்று துர்காவைக் காட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போய்ச் சுப்ரமணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நீட்டி நிமிர்ந்து படுத்தபடி கேட்டுவிட்டு, "அந்தம்மா ஊத்துன கஞ்சிலதான் நான் எழுந்து நடந்தேன். இதுக்கு உனக்கு ஏழு வருஷமா?" என்றான். சொர்ணம் அடுப்படியில் நின்றுகொண்டு, துர்காவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்த ஆண்டவருக்கு வாய்விட்டு நன்றி சொன்னாள். நாம் ஒருத்தியை நடத்துகிறோம் என்று நினைத்தால், அவள் பின்னாலேயே வந்து நம்மைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டாளே என்று சொல்லிச் சொல்லி அழுதாள், சிரித்தாள்.

மறுநாள் மார்க்கெட்டில் எட்டு மணிக்கு ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. அன்னக்கிளி பையை ஆட்டிக்கொண்டு வந்தாள். நெத்திலியைப் புரட்டினாள். விலையில் பாதி கேட்டாள். சொர்ணம் மூன்று வரிசைக்குக் கேட்கும்படி அவளை ஏசினாள். ஏழு வருஷமாகச் சேர்த்துவைத்த ஏச்சு. இருவருக்கும் பரம சந்தோஷம்.

பிறகு அன்னக்கிளி ஒரு சங்கராவையும் எடுத்து வெட்டச் சொன்னாள். துர்கா வலது காலை முன்னால் நீட்டி, இடது காலைப் பலகை மேல் வைத்தாள். அன்னக்கிளி குனிந்து பார்த்தாள்.

"ஏன்டி சொர்ணம், உனக்குத்தான் முட்டி போச்சு. இவளுக்கு என்ன ஆச்சு?"

துர்காவின் கை நின்றது. "முட்டியா?"

சொர்ணம் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனாள், அந்தப் பழக்கத்தை விட்டாயிற்று என்பது நினைவுக்கு வந்து திரும்பினாள். "எனக்கு வலது முட்டி மடங்காதுடி. அதான் இந்தக் கால வெக்கிறேன். நீ என்னைப் பார்த்துச் செய்றது எனக்குப் பெருமையா இருந்துது, அதனால சொல்லல."

"பத்து மாசமா எனக்கு இடுப்பு வுட்டுப் போவுதுக்கா!" துர்கா அருவாமணையைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் எதிர் வரிசைக்காரியும், அந்தக் கூடை கவிழ்ந்தவள்தான், சேர்ந்துகொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் துர்கா மறுபடி உட்கார்ந்து, வலது காலைப் பலகை மேல் வைத்துப் பார்த்தாள். பழகாததால் பலகை ஆடியது. மீனைக் கையில் பிடித்தபடி சொர்ணத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுக்கா. நான் பாட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் செஞ்சுகிட்டே இருப்பேன்."

சொர்ணம் யோசித்துப் பார்த்தாள். நிறைய இருந்தது.

"இருக்குடி" என்றாள், முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி. "பக்கத்துலயே இரு. ஒவ்வொண்ணா சொல்றேன்."